குழந்தைகளோடு கப்பல் பயணம்: எந்த அறையை எடுப்பது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். மே மாதப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போவதாகத் திட்டம். அவர், அவருடைய மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், 63 வயதான அவருடைய அம்மா என ஐந்து பேர். டிராவல் ஏஜென்ட் நால்வருக்குச் சேர்த்து ஒரு பால்கனி கேபினும் அம்மாவுக்குத் தனியாக ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறையும், இரண்டையும் கியாரண்டி முறையில் (அறை எண்ணைப் பின்னர் கப்பல் நிறுவனமே ஒதுக்கும் முறை), ஒரு விலைக்குச் சொல்லியிருக்கிறார். பால்கனி அவசியமா, எந்தத் தளத்தில் எடுப்பது, பிள்ளைகளுக்கு வாந்தி வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் புதுச்சேரியைச் சேர்ந்தவன். 11 ஆண்டுகள் பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரித்து, பயணிகளுக்கு வேண்டியதைக் கவனிக்கும் பணியாளனாக வேலை பார்த்தேன். பதினைந்து, பதினாறு அறைகளை நாளுக்கு இருமுறை திறந்து பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் ஜன்னலையும் பால்கனியையும் பார்த்து அறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் பார்க்க வேண்டியவை படுக்கை, கழிவறை, கப்பலுக்குள் அறை அமைந்திருக்கும் இடம் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றும் சரியாக அமைந்த பிறகு பணம் மிஞ்சினால் பால்கனியைப் பற்றி யோசிக்கலாம்.

நால்வர் தங்கும் அறை என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து நான்கு கட்டில்கள் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தரையில் இருப்பவை இரண்டு ஒற்றைக் கட்டில்கள். கணவன் மனைவி என்றால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவோம். மூன்றாவது படுக்கை பெரும்பாலும் விரித்தால் கட்டிலாகும் சோஃபா. நான்காவது, சில அறைகளில் மூன்றாவதும்கூட, சுவரிலோ கூரையிலோ மடக்கி வைத்திருக்கும் மேல் படுக்கை. அதைப் புல்மேன் என்போம். நீங்கள் இரவு உணவுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஸ்டூவர்ட் வந்து, சாவியைத் திருப்பி அதை இழுத்து இறக்கி, தடுப்புக் கம்பியைப் பொருத்தி, ஏணியை மாட்டி வைப்பார். ஏணி நின்ற மறுகணம் அந்த அறையின் நடைபாதை பாதியாகக் குறைந்துவிடும். சோஃபாவையும் விரித்தாயிற்று என்றால் கட்டில் முனைக்கும் மேசைக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். நள்ளிரவில் 4 வயதுப் பையன் சிறுநீர் கழிக்க எழுந்தால், இருட்டில் ஏணிக் காலையும் சோஃபா விளிம்பையும் கடந்து கழிவறை வாசலுக்குப் போக வேண்டும். அந்த வாசலிலும் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஓர் உயர்ந்த படி இருக்கும். பகலில் அப்பா அம்மாவோடு சிரித்துக்கொண்டு திரியும் குழந்தைகள் அந்தப் படியில் தடுக்கி விழுந்து, மறுநாள் காலை முழங்காலில் பிளாஸ்திரியோடு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேல் படுக்கையில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம். அடம் பிடித்தாலும் வேண்டாம். தடுப்புக் கம்பி படுக்கையின் முழு நீளத்துக்கும் இருப்பதில்லை.

கப்பல் கட்டணம் அறைக்கு இத்தனை என்று இருப்பதில்லை. ஆளுக்கு இத்தனை என்றுதான் கணக்கிடுகிறார்கள். ஓர் அறையில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பெரும்பாலும் குறைவு. ஒருவர் மட்டும் ஓர் அறையை எடுத்தால், சில சலுகைக் காலங்கள் நீங்கலாக, இருவருக்கான கட்டணத்தையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ கட்ட நேரிடும். துறைமுக வரி, இதர வரிகள் ஆகியவை எல்லோருக்கும் உண்டு. உங்கள் ஏஜென்ட் சொன்ன ஏற்பாட்டில், உங்கள் அம்மா தனியாகப் படுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணம் போகிறது. நீங்கள் நால்வரும் ஏணியோடும் சோஃபாவோடும் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு படுக்கிறீர்கள். இதைவிட, 9 வயது மகளை ஆயாவோடு, அதாவது உங்கள் அம்மாவோடு, படுக்க வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் பையனும் ஓர் அறையில் இருந்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆயா பக்கத்தில் படுப்பது புதிதில்லை. அந்த அறையில் இருவருக்கும் தரையிலேயே கட்டில் கிடைக்கும். உங்கள் அறையில் பையனுக்குச் சோஃபா போதும். மேல் படுக்கையை இறக்கவே தேவையில்லை. ஒரு கழிவறைக்கு நால்வர், மற்றொன்றுக்கு ஒருவர் என்றில்லாமல் மூவர், இருவர் என்று பிரியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: கரைக்கு இறங்கும் நாள்களில் காலை ஏழு மணிக்குள் ஐந்து பேரும் குளித்துத் தயாராக வேண்டியிருக்கும். என் அனுபவத்தில், குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்ளும் நேரம் அதுதான்.

இதற்கு அறைகள் இரண்டும் அருகருகே இருந்தாக வேண்டும். ஆகவே கியாரண்டி வேண்டவே வேண்டாம். கியாரண்டி என்றால், நீங்கள் அறையின் வகையை மட்டும் தேர்வு செய்கிறீர்கள், எண்ணைக் கப்பல் நிறுவனம் பின்னர் தன் வசதிப்படி ஒதுக்கும் என்று பொருள். விலை குறைவு என்பது உண்மை. தனியாகவோ இணையாகவோ போகிறவர்களுக்கு அது நல்ல பேரமும்கூட. குடும்பத்துக்கு அப்படியல்ல. நான் வேலை செய்த ஒரு கப்பலில், இப்படி இரண்டு அறைகள் எடுத்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஒன்று மூன்றாம் தளத்தில் கப்பலின் முன்பகுதியிலும், மற்றொன்று ஒன்பதாம் தளத்தில் பின்பகுதியிலும் விழுந்தது. கப்பல் நிரம்பியிருந்ததால் மாற்றித் தர இடமில்லை. ஐந்து இரவும் அந்தத் தாய், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நீண்ட தாழ்வாரங்களையும் லிஃப்டையும் கடந்து வந்ததை என் அறைகள் இருந்த பகுதியில் நின்று பார்த்தேன். அவர்கள் மிச்சப்படுத்திய பணம் அவ்வளவு பெரியதாக இருந்திருக்காது.

அருகருகே என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஏஜென்ட்டிடம் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கனெக்டிங் என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்கதவு இருக்கும். இருபுறமும் பூட்டைத் திறந்துவிட்டால் ஒரே வீடுபோல் ஆகிவிடும். அடுத்தடுத்த அறை என்றால் சுவர் மட்டுமே பொது. தாழ்வாரம் வழியாகத்தான் போக வர முடியும். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கனெக்டிங் அறை மிக நல்லது. ஆனால் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பள்ளி விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். அது கிடைக்கவில்லை என்றால் எதிரெதிர் அறைகளை எடுக்கலாம்: உங்களுக்குக் கடல் பக்கம், ஆயாவுக்கும் பேத்திக்கும் தாழ்வாரத்தின் மறுபக்கம் உள்ளறை. கதவுகள் சில அடி இடைவெளியில் நேருக்கு நேர் இருக்கும். உங்களைத் தவிர வேறு யாரோ உள்கதவுக்கு அந்தப் பக்கம் தங்கும்படி ஒற்றைக் கனெக்டிங் அறையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கதவு பூட்டியிருந்தாலும் அதன் வழியே பேச்சும் தொலைக்காட்சிச் சத்தமும் வரும்.

தாமதிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் அறையும் ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய ஓரிடத்தோடும் அங்குள்ள உயிர்காப்புப் படகுகளோடும் இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கான ஆள் எண்ணிக்கை நிறைந்துவிட்டால், அறையில் மூன்றாவது படுக்கை காலியாக இருந்தாலும் இருவருக்கு மேல் அந்த அறையைத் தரமாட்டார்கள். காலி அறைகள் தெரிகின்றன, ஆனால் மூவர் என்று போட்டால் மறைந்துவிடுகின்றன என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இனி இடம். கடலூர்க்காரருக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் ஒருமுறையாவது படகில் ஏறியவர்களுக்கு, அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்தால் அலை தூக்கிப் போடும், நடுவில் உட்கார்ந்தால் அவ்வளவு தெரியாது என்பது தெரியும். 300 மீட்டர் நீளக் கப்பலிலும் கணக்கு அதேதான். கப்பல் சீசா பலகைபோல் நடுவை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது. அணியத்திலும், பின்முனையான அமரத்திலும் அந்த ஆட்டம் அதிகம். பக்கவாட்டு ஆட்டம் மேலே போகப் போகக் கூடும். அதைக் குறைக்கக் கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீனின் துடுப்புபோல நீட்டிக்கொள்ளும் நிலைநிறுத்திகள் உண்டு, ஆனால் முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பயனில்லை. ஆகவே நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ் அல்லது இடைப்பட்ட தளம்: பிள்ளைகளுக்கு அதுதான் இடம். பெரிய குடும்ப அறை என்று சொல்லி ஐந்தாறு பேர் தங்கும்படி விற்கப்படும் ஜன்னல் அறைகள் சில கப்பல்களில் அணியத்தின் முனையில் இருக்கும். பார்க்க விசாலமாக இருக்கும். கடல் கொஞ்சம் புரண்டால் அங்கே முதலில் தெரியும்.

வாந்தியைப் பற்றி: 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். உங்கள் பிள்ளைகள் இருவருமே அந்த வயதில்தான் இருக்கிறார்கள். திருவந்திபுரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ காரில் போகும்போது வாந்தி எடுக்கும் பிள்ளையாக இருந்தால், மருந்தின் அளவைப் புறப்படும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் போகும் மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்த அமைதியான நீர். சில வேளைகளில் விடியற்காலையில் சுமத்ரா என்று அழைக்கப்படும் சூறைக்காற்று மழையோடு வந்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீம் போன்ற கப்பல் 335 மீட்டர் நீளமும் 1,50,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவும் உடையது. அந்த நீரிணையில் அதன் ஆட்டத்தைத் தூங்கும் குழந்தை உணரப்போவதில்லை.

சென்னையிலிருந்து போவதாக இருந்தால் என் பதில் சற்று மாறியிருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் பிரான்சின் சான் நசேர் கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்டது. 211 மீட்டர் நீளமும் 48,000 டன்னுக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவும் கொண்டது. அந்தக் காலக் கப்பல்களில் அறைகள் சிறியவை, பால்கனிகள் குறைவு. வங்கக் கடல் திறந்த கடல். ஐப்பசி முதல் மார்கழி வரை அது எப்படி இருக்கும் என்று 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நடுப்பகுதி, கீழ்த்தளம் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சிங்கப்பூர்ப் பயணத்தில் ஆட்டத்தைவிடச் சத்தத்துக்கு அஞ்சுங்கள். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் வரைபடம் இருக்கும். ஏஜென்ட் தரும் அறை எண்ணை அதில் தேடி, அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கூரையில் உருளும். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் இசையின் அதிர்வு கட்டில் காலில் ஏறும். அணியத்தில் கீழ்த்தளத்தில் இருந்தால், துறைமுகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு காலையும் நங்கூரச் சங்கிலியோ பக்கவாட்டு உந்திகளோ உங்களை எழுப்பிவிடும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் பிள்ளைகளுக்கு ஏற்றது. லிஃப்டுக்கு மிக அருகிலும் வேண்டாம், மிகத் தொலைவிலும் வேண்டாம். உங்கள் அம்மாவை எண்ணி, ஐந்தாறு கதவுகள் தள்ளி இருக்கும்படி பாருங்கள்.

பால்கனிக்கு வருகிறேன். மாலையில் பையன் தூங்கிவிட்டால், விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். உள்ளறையில் அந்த வசதி இல்லை, குழந்தை தூங்கினால் நீங்களும் இருட்டில் தூங்க வேண்டியதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே பால்கனி எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பாதுகாப்பு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அந்நாட்டு 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்ற கப்பல்களிலும் ஏறக்குறைய அதே உயரம்தான். தரையில் நிற்கும் 4 வயதுப் பையனுக்கு அது தலைக்கு மேல். நாற்காலியில் ஏறி நின்றால் ஏறக்குறைய இடுப்பளவுதான். ஒரு காலையில் அறைக்குள் நுழைந்தபோது, பால்கனியின் சிறிய மேசை கைப்பிடியை ஒட்டி இழுக்கப்பட்டிருந்ததையும், அதன் மேல் ஒரு குழந்தையின் ஈரக் காலடி தெளிவாகப் பதிந்திருந்ததையும் பார்த்தேன். குழந்தை குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சிறு பிள்ளைகள் உள்ள அறைகளில், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, மேசையையும் நாற்காலிகளையும் உள்ளே வைப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்கள் பால்கனி எடுத்தால் முதல் நாளே ஸ்டூவர்டிடம் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். பால்கனிக் கதவின் மேல்தாழை எப்போதும் போட்டு வையுங்கள். பையனை அங்கே ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள்.

இந்தக் கவலை வேண்டாம் என்றால், திறக்க முடியாத ஜன்னல் கொண்ட அறை ஒரு நல்ல நடுவழி. பகல் வெளிச்சம் வரும், பிள்ளை ஜன்னல் திண்டில் உட்கார்ந்து கப்பல்களை எண்ணும். ஜன்னலை மறைத்து உயிர்காப்புப் படகு தொங்கும் அறைகளை விலை குறைத்துத் தருவார்கள். பெரியவர்கள் அதை வேண்டாம் என்பார்கள், ஆரஞ்சு நிறப் படகை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் பிள்ளைகளோ மகிழ்ந்துபோவார்கள். உள்ளறையையும் தாழ்வாக எண்ண வேண்டாம்: பகல் தூக்கம் தூங்கும் குழந்தைக்கு அந்த இருட்டு வரப்பிரசாதம். சிறிய இரவு விளக்கு ஒன்றை, பேட்டரியில் எரிவதாக, எடுத்துச் செல்லுங்கள்.

கழிவறையில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான். வாளி கிடையாது, பன்னாட்டுக் கப்பல்களில் கழுவும் குழாயும் பொதுவாக இருப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் கோப்பை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை. பொத்தானை அழுத்தியதும் எழும் சத்தத்தில் 4 வயதுப் பிள்ளை மிரண்டு, பிறகு அங்கே உட்காரவே மறுக்கலாம். மூடியை மூடிவிட்டு நீங்களே அழுத்துங்கள், முதல் நாளே அவனிடம் சொல்லி வையுங்கள்.

கஞ்சி காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் மின்கெட்டில், சிறிய ரைஸ் குக்கர் எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சூடேற்றும் மின்கருவிகளை அறைக்குள் அனுமதிப்பதில்லை. பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் தருவார்கள். கப்பலில் தீ என்பது கடலைவிடப் பெரிய அச்சம். வெந்நீரும் இளஞ்சூட்டுப் பாலும் கேட்டால் கொடுப்பார்கள். பருப்புச் சோறும் தயிர்ச் சோறும் இந்தியப் பயணிகள் மிகுந்த சிங்கப்பூர்க் கப்பல்களில் பெரும்பாலும் கிடைக்கும்.

கைக்குழந்தையோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றிக்கொள்வதில்லை, நீண்ட கடல் நாள்கள் உள்ள பயணங்களுக்கு 12 மாதம் கேட்கிறார்கள். தொட்டிலை முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும், கட்டணம் இருக்காது. தூளியில் தூங்கிப் பழகிய குழந்தையாக இருந்தால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தட்டையான படுக்கைக்குப் பழக்குங்கள். அறைச் சுவர்கள் எஃகு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். துண்டு மாட்டலாம், தூளி கட்ட அது தாங்காது.

ஆகவே நாளை ஏஜென்ட்டிடம் இப்படிக் கேளுங்கள்: கியாரண்டி அல்லாமல், எண் குறித்த இரண்டு அறைகள், நடுப்பகுதி, மேலும் கீழும் அறைகளே உள்ள தளம், கனெக்டிங் கிடைத்தால் அது, இல்லையென்றால் எதிரெதிர். உங்கள் மூவருக்கு ஜன்னலோ பால்கனியோ, மூன்றாவது படுக்கை சோஃபாவாக இருக்கும் அறை; ஆயாவுக்கும் பேத்திக்கும் உள்ளறை. இரண்டு முன்பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் உணவு மேசையும் ஒன்றாக அமையும். கையில் அறை எண்கள் எழுதி வந்த பிறகு வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு முன்பணம் கட்டுங்கள். கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக ஸ்டூவர்டிடம் குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இரண்டு கேட்டு வாங்கி, இருவருக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.